குட்டைக்கரை அம்மாவாசைக்கு வந்த மாலை

தலைமையேற்றிருக்கும் ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஐயா தெய்வசிகாமணி அவர்களே, மேடையிலுள்ள தோழர்களே, அரியாங்குப்பம் குட்டைக்கரையிலிருந்து நெல்லித்தோப்புக்கு நடந்தே வந்திருக்கும் இருளர் இனத்துச் சொந்தங்களே, கணவர் அம்மாவாசையைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை ஆயம்மா, உங்கள் தேவதாஸின் வணக்கம்.

நம் பழங்குடி மக்கள் சங்கத் தலைவர், தோழர் அம்மாவாசை எப்படி இறந்தார்? போலீஸ் தடியடியிலா? இல்லை. வயலில் பிடித்த பாம்பு கடித்தா? அதுவும் இல்லை. வாந்திபேதியில் இறந்தார்! மாடு குளிப்பாட்டும் குட்டையில் தண்ணீர் மொண்டு குடித்து இறந்தார்.

ஒரே ஒரு குடிநீர்க் குழாய் கேட்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலக வாசலில் உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? எந்த அலுவலகம் என்று சொல்லி என் வாயை அழுக்காக்கிக்கொள்ள மாட்டேன். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிவிட்டான். அவன் நாற்காலியில் உட்கார்ந்த நம் ஊர்க்காரருக்கோ நாம் இன்னும் கண்ணில் படவில்லை! காலையிலிருந்து முழக்கமிட்டோம். "ஐயா மீட்டிங்குல இருக்காரு" என்றார்கள். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். அம்மாவாசை என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, எலி வளைக்கு ரெண்டு வாசல் இருக்கும். நீ முன்னால பொக போட்டுக்கினே இருக்க. அது பின்னால பூடும்."

ஆயம்மாவையும் பெண்களையும் கொல்லைக் கதவுப் பக்கம் அனுப்பினார். சற்று நேரத்தில் அந்தக் கதவு திறந்தது. வந்தவர் யார்? மீட்டிங்கில் இருந்த அதே ஐயா! ஆயம்மா சொம்பை நீட்டினார்.

"குட்டத் தண்ணிதான் சாமி. எம்புள்ளைங்க குடிக்கிறது. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

குடித்தாரா? கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்! சீ! அந்தக் கைக்குட்டையை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. பெண்கள் வழிவிடவில்லை. வேறு வழியின்றிக் குழாய் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

குழாயும் வந்தது, நாடா வெட்டினார், போட்டோ பிடித்துக்கொண்டார். அவர் போனபின் திருகிப் பார்த்தால் காற்றுகூட வரவில்லை. எலி வளை வெட்டும் கடப்பாரையை எடுத்து அம்மாவாசை அதன் அடியைத் தோண்டினார். கீழே ஒன்றுமே இல்லை! வெறும் மண்ணில் நட்டுவைத்த இரும்பு. அவர் சிரித்தபடி என்னைப் பார்த்தார்.

"வளையே இல்லண்ணே. வாசல மட்டும் வெச்சிட்டுப் பூட்டான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே. அதற்குப் பிறகு எத்தனை முறை போனோம், எத்தனை முறை நாளை வா என்றார்கள்! அதே குட்டையில்தான் அம்மாவாசையும் மொண்டு குடித்தார்.

அதோ, அம்மாவாசையின் படத்தின் மேல் கிடக்கும் ரோஜா மாலையைப் பாருங்கள். அனுப்பியவர் அதே ஐயா! ஆழ்ந்த அனுதாபமாம்! உயிரோடிருந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை, செத்தவனுக்கு ரோஜாவா? அதன் வாசத்தில் எனக்குக் குட்டை நாற்றம்தான் அடிக்கிறது.

தங்கை ஆயம்மா, அந்த மாலையைக் கழற்று. குப்பையில் போடாதே. அந்தக் குழாய்க்குப் போடு. பிறக்கும்போதே செத்தது அதுதான்.

அம்மாவாசை தொடங்கியதை நாம் முடிப்போம். நாளைக் காலை ஆளுக்கொரு சொம்பு குட்டைத் தண்ணீரோடு அதே அலுவலகத்துக்கு வாருங்கள். பாதிப் பேர் முன்வாசலுக்கு, பாதிப் பேர் பின்வாசலுக்கு. குட்டைக்கரைக்கு நல்ல தண்ணீர் வரட்டும், இல்லையென்றால் அந்த ஐயா இதைக் குடித்துக் காட்டட்டும். அந்தக் கட்டடத்தை நான் சுற்றிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது வாசல் கிடையாது.