ஒற்றைப் பூ இருந்த அட்டை

பிரியம்வதா: ...மூணாவது தடவையா வந்து நிக்கறேன், தீதி. செடி ஒட்டின அட்டை, ஒரே ஒரு ஷீட். பத்து நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடறேன்!

நாகலட்சுமி: நானும் மூணாவது தடவையாச் சொல்லுதேன். அந்த அலமாரிக்குப் பூச்சி மருந்து போட்டிருக்கு. திறந்தா மூக்கு எரியும்.

பிரியம்வதா: மருந்து போட்டது திங்கக்கிழமை. இன்னைக்கு வெள்ளி. பாக்கி அலமாரி எல்லாம் திறந்து கிடக்கே!

நாகலட்சுமி: இது கதவு ஊதிப் போச்சு. மழைல்லா...

பிரியம்வதா: இரும்பு அலமாரி எங்கயாவது ஊதுமா?

நாகலட்சுமி: ...சாவி ஹெட் பரமசிவம் சார்ட்ட இருக்கு.

பிரியம்வதா: அப்ப உங்க இடுப்புல தொங்கறது?

நாகலட்சுமி: வீட்டுச் சாவி.

பிரியம்வதா: சால்ட் லேக் குவார்ட்டர்ஸ்ல உங்களுக்கு மட்டும் இருபது கதவா? ஆரே பாபா! ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் காஞ்ச செடிய எடுத்துக் காட்டத்தானே இந்த ஹெர்பேரியம்? நாளைலேர்ந்து பூஜா லீவு. பூட்டிட்டுப் போயிடுவீங்க.

நாகலட்சுமி: அதே செடி, வேற ஷீட் தாரேன். நாலு இருக்கு. நல்ல பெரிய இலை.

பிரியம்வதா: இலைய வச்சுப் பொரியலா பண்ணப் போறேன்? பூ இருக்கறது அது ஒண்ணுலதான்.

நாகலட்சுமி: பூ, பூன்னு ஏன் உயிர வாங்குத? மார்ச்சுலதான் பாத்தியே. படம் வரைஞ்சு, தீசிஸும் குடுத்தாச்சு. இன்னும் என்ன?

பிரியம்வதா: அது... லேபிள் சரிபாக்கணும்.

நாகலட்சுமி: எழுதிக்கோ. எனக்கு மனப்பாடம். நாப்பத்தொண்ணாம் வருஷம், ஜூன் மாசம்...

பிரியம்வதா: நானே பாக்கணும்! தனியா... அதாவது, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.

நாகலட்சுமி: என்னட்டி, என்னையே விரட்டப் பாக்க? ஷீட்டப் புத்தகம் மாதிரி புரட்டுத கூட்டத்த நம்பி நான் நகர மாட்டேன்.

பிரியம்வதா: நான் எப்பவாவது புரட்டினேனா? பூவப் பிச்சேனா? எழுத்துல அனுமதி இல்லாம எதையும் பிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?

நாகலட்சுமி: நீ இல்ல... நீ ஒருத்திதான் ரெண்டு கையாலயும் ஏந்தி எடுப்ப.

பிரியம்வதா: அப்பத் திறங்க!

நாகலட்சுமி: முடியாது!

பிரியம்வதா: ஏன்?

நாகலட்சுமி: பூ இல்லட்டி! போதுமா?

பிரியம்வதா: எப்பப் பாத்தீங்க?

நாகலட்சுமி: ஜூலைல பாத்தேன். ஓரத்துல ஒட்டின சின்னக் கவர்ல பூ இருக்கும்லா... கவர் காலி. பூச்சி தின்னிருக்கு. அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்குப் போனேன் பாரு, அப்பப் பாச்சை உருண்டை மாத்தாம விட்டுட்டேன். அறுபது வருஷம் இருந்த பூ, என் கையில போச்சு.

பிரியம்வதா: தீதி, அது வந்து...

நாகலட்சுமி: குறுக்க பேசாத. மூணு மாசமா யாருக்கும் காட்டாம மறைச்சேன். வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். இனி முடியாது. உன் வைவாவுக்கு வாற எக்ஸாமினர், அந்த ஷீட்டப் பாக்கணும்னு எழுதியிருக்காரு. அதான், 'என் கவனக்குறைவு'ன்னு ஹெட்டுக்கு லெட்டர் எழுதிட்டேன்.

பிரியம்வதா: லெட்டரா! உங்கள இங்கேர்ந்து தூக்கிடுவாரே!

நாகலட்சுமி: தூக்கட்டும். விடைத்தாள் எண்ணுத வேலையில போடுவாரு. ஒத்தப் பூவக் காக்கத் தெரியாதவளுக்கு அது போதும்... கைய விடு பிள்ள, அவரு கிளம்பிருவாரு. இத மேல குடுத்துட்டு வாரேன்.

பிரியம்வதா: குடுக்காதீங்க. பூச்சி எதுவும் தின்னல... மார்ச்ல நான்தான் எடுத்துட்டுப் போனேன். அனுமதி கேட்டா கிடைக்காதுன்னு, வீட்டுல வெந்நீர்ல ஊற வச்சு, உள்பாகத்த வரையறதுக்காகப் பிரிச்சுட்டேன். என் தீசிஸ்ல இருக்கற படமே அதுதான். ஆறு துண்டு, காய வச்சு இந்தப் பையிலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாம திருப்பி வைக்கத்தான் மூணு தடவையும் வந்தேன்... அந்த லெட்டர இப்படிக் குடுங்க, தீதி. உங்க பேர அடிச்சுட்டு என் பேர எழுதறேன்.