மதகுத் திறப்பும் என் தகரப்பெட்டியும்

அக்கராயன் குளத்து மதகுப் பூட்டின் திறப்பை மடியில் வைத்திருப்பவரும், சென்ற கிழமை தொடக்கம் என் பயணத்தின் திறப்பையும் அதே மடியில் முடிந்து வைத்திருப்பவருமாகிய, பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் வீரகத்தி ஐயா அவர்களே! காடு வெட்டிக் கழனி கண்ட பெரியோர்களே! பெற்றார் ஆசிரியர் சங்கத்துப் பெருந்தகைகளே! மாலை கட்டிய மணம் கைவிட்டு மாறாமல் பின்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! உட்காரக் கதிரை கிடைக்காமல் வேலியோரம் நிற்கும் இளைஞர்களே! மண்ணில் அமர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் அருந்ததி ரீச்சரின் பணிவான வணக்கம்.

என் தலைக்குமேல் தொங்கும் இந்தத் துணியைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். "பாராட்டு விழா" என்று சிவப்பிலே பளபளக்கிறது. அந்தச் சிவப்புக்கு அடியில் நீலத்தில் ஒரு சொல் எட்டிப் பார்க்கிறதே, தெரிகிறதா? "பிரியாவிடை!" ஓம், போன கிழமை வரை இது பிரியாவிடைக் கூட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்ததற்காக நீங்கள் ஒழுங்கு செய்த கூட்டம். இன்று, நான் போகாமல் நிற்கப்போகும் பெருந்தன்மைக்காக என்னைப் பாராட்டுகிற கூட்டம். துணி அதே துணி, மாலை அதே மாலை, அடுப்பில் வேகும் வடைகூட அதே வடை. மாற வேண்டியவள் நான் மட்டும்தான்.

இந்த அதிசயம் எங்கே நிகழ்ந்தது? பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நிகழ்ந்தது. காலபோகத்துக்கு எப்போது விதைப்பது, எப்போது வேலி அடைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது என்று கைதூக்கித் தீர்மானிக்கிற கூட்டம். அதிலே, மாடுகளை வயலை விட்டு அப்புறப்படுத்தும் தேதிக்கும், உடைந்த வாய்க்காலைத் திருத்தும் தேதிக்கும் நடுவே, நான் வந்து விழுந்திருக்கிறேன். "ரீச்சரின்ர பயணம், அறுவடைக்குப் பிறகு, மாசியில" என்று எங்கள் அயல்வீட்டு அப்புத்துரை அண்ணர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க, ஏகமனதாகக் கைகள் உயர்ந்தனவாம். என்ன அழகு! என்ன ஒழுங்கு! வரம்பு, வாய்க்கால், வண்டில்மாடு, வாத்தியார் அம்மா!

பல்கலைக்கழகம் ஐப்பசியில் தொடங்குகிறது, பெரியோர்களே. மாசி வரை அவர்கள் என் இடத்துக்குத் தண்ணீர் கட்டி வைத்திருப்பார்களா? கிளிநொச்சி ஸ்ரேசனில் நாளைக் காலைக் கோச்சியை விட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரேயொருவர் ஒரேயொரு கேள்வி கேட்டாராம். அறுவடைத் தேதி தெரிந்தால் நெல் வாங்க வரலாம் என்று ஓரமாகக் குந்தியிருந்த நெல் வியாபாரி முத்தலிப் நானா. "ரீச்சரிட்ட ஆராவது கேட்டீங்களா?" என்றாராம். "நீங்கள் வெளியாள், கதைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்களாம். நானா, அந்த மூலையில் நிற்பது நீங்கள்தானே? நான் உள்ளூர்க்காரி. என்னையும் ஒருவரும் கதைக்கக் கூப்பிடவில்லை.

சரி, என்னை ஏன் மறிக்கிறார்கள்? காரணங்கள் கனிவானவை, கருணை மிக்கவை. அப்புத்துரை அண்ணர் என் அம்மாவிடமே வந்து சொன்னார். "அக்கா, பி.ஏ.க்கே மாப்பிள்ளை எடுக்கக் கஷ்டப்படுறம். இவ எம்.ஏ.யும் எடுத்துக்கொண்டு வந்து நிண்டால் நான் எங்க போய்த் தேடுறது?" பாவம், தூக்கம் இல்லாமல் திரிகிறார்! அண்ணை, உங்களை நான் தேடச் சொல்லவே இல்லையே? ஆறுதலாகப் படுத்து நித்திரை கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள் தாய்மாரே, அண்ணர் நல்ல மனிதர். என் வீட்டுக் கூரையை வேய்ந்து தந்ததும் அவர்தான்.

இதே மேடையில், முந்தி ஒரு புரட்டாசியில், தில்லைநாதன் மாஸ்ரருக்குப் பிரியாவிடை வைத்தோம். கணக்குப் படிப்பித்தவர், லண்டனுக்கு மேற்படிப்புக்குப் போனவர். ஏன் போகிறீர்கள் என்று கேட்டோம். "பெரிய படிப்புப் படிச்சால் பெரிய உத்தியோகம்" என்றார். அடடா, என்ன கரகோஷம்! மேளம் என்ன, மாலை என்ன, கிளிநொச்சி ஸ்ரேசன் வரை ஊர்வலம் என்ன! கணக்கு வகுப்பு மறுவருடம் முழுக்க ஆசிரியர் இல்லாமல் கிடந்தது. அதற்கு யாராவது கைதூக்கினோமா? மாஸ்ரரை மாசி வரை மறித்தோமா? அந்தப் போகமும் விதைத்தோம், அந்தப் போகமும் அறுத்தோம்.

என்னிடமும் ஒரு பெரியவர் கேட்டார். "பிள்ளை, ஊருக்குச் சேவை செய்யத்தானே படிக்கப் போறாய்?" எவ்வளவு ஆசையோடு கேட்டார்! ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உச்சி குளிர்ந்திருப்பார். நான் சொன்னேன்: "இல்லை ஐயா. எம்.ஏ. இருந்தால் ஆசிரிய கலாசாலையில விரிவுரையாளர் வேலைக்குக் கேக்கலாம். அந்தக் கதிரையில இருக்க எனக்கு ஆசை." அவர் முகம் கறுத்துவிட்டது. அதே ஆசை வேட்டி கட்டி வந்தால் முன்னேற்றம், சேலை கட்டி வந்தால் பேராசை! நான் பொய் சொல்லவில்லை, சபையோரே. உத்தியோகத்துக்காகத்தான் படிக்கிறேன், உயர்வுக்காகத்தான் போகிறேன்.

என்ன ஐயா, பின்னால் முணுமுணுப்பு? நன்றி கெட்டவள் என்கிறீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள், மேடைக்குக் கேட்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். தலைவர் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "என்ர பிள்ளை மார்கழியில சோதினை எழுதுறாள். நீர் போனால் ஆர் படிப்பிக்கிறது?" வீட்டுக்கு வந்து பாடக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாடத்தை முடித்துவிட்டேன், பழைய வினாக்களையும் எழுதுவித்துவிட்டேன். ஆனாலும் சோதனை மண்டபத்துக்குப் போகும்போது அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். அது எனக்கு வலிக்கிறது. அந்த வலியில், போவதில்லை என்றே அன்று முடிவு கட்டி, ஐயாவிடமும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் இந்தத் துணியில் சிவப்பு மை ஏறியது.

பிறகு ஏன் இப்படிப் பேசுகிறேன்? இன்று பின்னேரம், மாலைக்குப் பூ எடுத்துக் கொடுத்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். ஊரார் எல்லோரும் நான் நிற்கிறேன் என்று மகிழ்ந்திருக்க, அவள் மட்டும் மகிழவில்லை. ஆர் என்று சொல்லட்டோ, பிள்ளை? தலையாட்டுகிறாள். ஐயா, அது உங்கள் மகள் இலட்சுமி. அவள் கேட்டாள்: "ரீச்சர், உங்களையே மறிச்சுப்போட்டினம். நான் சோதினை பாஸ் பண்ணினால் என்னைப் போக விடுவினமோ?"

பாஸ் பண்ண வேண்டும் என்பதற்காக என்னை மறித்தீர்கள். பாஸ் பண்ணி என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீங்கள்தான் என்ன பதில் சொல்வீர்கள்?

தண்ணீர் பொதுச்சொத்து. அதற்குக் கைதூக்குங்கள், ஆயிரம் தரம் தூக்குங்கள். என் இடத்துக்கு ஆசிரியர் அனுப்பச் சொல்லி வித்தியாபகுதிக் கந்தோர் வாசலில் போய் நின்று தூக்குங்கள். நான் போவதற்கு ஒருவர் கையும் தேவையில்லை. இந்தத் துணியில் நீங்கள் அழித்த நீலச் சொல்தான் சரியான சொல்.

ஆனால் வேறொன்றுக்குக் கை தேவை. என் தகரப்பெட்டி முழுக்கப் புத்தகம், நான் தனியே தூக்க ஏலாது. விடியக் கோச்சிக்கு முன் அதை வண்டிலில் ஏற்ற வேண்டும். ஆர் வருவீர்கள்? இப்போது கையைக் காட்டுங்கள்.

முத்தலிப் நானா, நன்றி. பின்வரிசைத் தாய்மாரே, இத்தனை பேரா! அண்ணை, அப்புத்துரை அண்ணை, நீங்களுமா? இலட்சுமி, நீ கையை இறக்கு, உனக்குக் காலையில் வகுப்பு இருக்கிறது.

தலைவர் ஐயா... நீங்கள் கை தூக்கியதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் வண்டில் வந்தால் போதும், ஐயா. வரும்போது மகளையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், வகுப்புக்கு முன் ஸ்ரேசனைப் பார்த்து வைக்கட்டும்.

மாலைக்கு நன்றி. வடைக்கு முன்கூட்டியே நன்றி. வணக்கம், போயிட்டு வாறன்.