பாதிப் பாதி

அந்த டம்ளர அங்கயே வைங்க தம்பி. சொன்னா கேளுங்க, எங்க அக்கா டம்ளர்ல ஊத்திடாதீங்க... பாத்தீங்களா, கை மேல தெறிச்சிடுச்சு. பரவால்ல, கைக்குட்டையெல்லாம் வேணாம். நான் நக்கிக்கிறேன். பழக்க தோஷம். மூஞ்சிய சுளிக்காதீங்க, இதவிட அசிங்கத்தையெல்லாம் இந்த நாக்கு பாத்திருக்கு.

கசக்குதாவா? இன்னும் ஒண்ணும் தெரியல. ஒரே ஒரு சொட்டுதானே.

கோவம்லாம் இல்ல. அருவருப்பு. உங்க மேல இல்ல தம்பி, உக்காருங்க. கட்டின பொண்டாட்டிக்காகக் கேக்குறீங்க, உங்க மேல என்ன தப்பு. உள்ள அவங்களுக்கும் ரத்தம் எடுத்துட்டு இருக்காங்க, எங்க அக்காவுக்கும் எடுத்துட்டு இருக்காங்க. கூப்பிட்டா நாம ஆளுக்கொரு டம்ளரோட போய் குடிக்க வெக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. மொதல்ல கை தொவளுது, அப்புறம் தொண்டை போகுது. முழு மாத்திரை எறங்காது, அதான் பொடிச்சுக் கரைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். இந்தப் பரிசோதனையில ஒருத்தருக்கு மருந்தும் இன்னொருத்தருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரையும் வந்திருந்தா என்ன பண்றது, ரெண்டையும் ஒண்ணா ஊத்தி பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டா யாரும் மோசம் போக மாட்டோம். அதானே உங்க கணக்கு? யாரு சொல்லிக் குடுத்தது? போன தடவை இதே மருந்துக்கு நடந்த பரிசோதனைக்கு வந்துட்டுப் போன ஆளா? அப்ப சரிதான். கெடுத்தவரே வந்து பாடம் எடுத்திருக்காரு.

எனக்குத் தெரியாம என்ன. இந்த மருந்து செய்யுற கம்பெனியிலதான் இருந்தேன், மாத்திரை பண்ற பிரிவுல. படிச்சதும் அதுக்குத்தான். வேலைய விட்டுட்டு வந்த அப்புறந்தான் அக்காவுக்கு இது வந்துச்சு. விதி எப்படி ஆள் பாத்து அடிக்குது பாருங்க.

புது மருந்து கண்டுபிடிக்கிறதுன்னா என்னமோ ஏதோன்னு நெனைச்சுட்டுத்தான் உள்ள போனேன். ஆயிரக்கணக்குல போட்டுப் பாப்பாங்க, ஒண்ணும் கேக்காது. கேக்குறது கல்லீரலக் கெடுக்கும். கெடுக்காதது எலிக்குக் கேக்கும், மனுஷனுக்குக் கேக்காது. நாங்க கொணமாக்கி விட்ட எலிங்களுக்கு நன்றி இருந்தா இந்நேரம் எங்களுக்கு சிலை வெச்சிருக்கணும். இதையெல்லாம் தாண்டி எப்பவாச்சும் ஒண்ணு பொழைச்சு வந்தா, அத மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கணும். அங்கதான் இந்த வெத்து மாத்திரை வருது.

எதுக்கா? நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கே தம்பி, அத விட மோசமான பொய்சாட்சி கெடையாது. சுண்ணாம்பக் குடுத்து மருந்துன்னு சொல்லுங்க, அடுத்த வாரமே இப்பப் பரவால்லைங்கன்னு வந்து நிப்பாங்க. உள்ள கை பலம் பாக்க அந்த ரப்பர் பந்த அமுக்கச் சொல்றாங்கல்ல, அதுக்கு வீட்டுல பழகிட்டு வர்றவங்க இருக்காங்க, நர்ஸம்மா மனசு நோகக் கூடாதுன்னு. டாக்டர் மட்டும் என்னவாம்? இந்த ஆளு மருந்து சாப்பிடுறாருன்னு தெரிஞ்சா போதும், அவரு கண்ணுக்கு ஆளு தெளிஞ்ச மாதிரியே தெரியும். அதனாலதான் ரெண்டு பக்கமும் கண்ணக் கட்டுறது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெத்து, யாருக்கு எதுன்னு குடுக்கறவங்களுக்கும் தெரியாது குடிக்கிறவங்களுக்கும் தெரியாது. அத ஏமாத்துன்னு சொல்லாதீங்க. அந்தத் தொழில்ல யோக்கியமா இருக்குற விஷயமே அது ஒண்ணுதான். மத்ததெல்லாம்... என் வாயக் கெளறாதீங்க.

அந்தச் சுவத்துல படத்தப் பாருங்க. கடற்கரையில ஓடுறாங்களே, புருஷன் பொண்டாட்டி. நாளைய நம்பிக்கைன்னு கீழ எழுதியிருக்கு. அவங்களுக்கு ஜலதோஷம் கூட வந்திருக்காது. விளம்பரத்துக்கு ஓடுனவங்க. தொண்டை எறங்காதவங்கள உக்கார வெச்சுட்டு எதிர்ல அத மாட்டி வெச்சிருக்காங்க பாருங்க.

போன தடவை நடந்ததக் கேளுங்க. வெத்து மாத்திரை அச்சு அசலா அதே மாதிரி செஞ்சோம். அதே நெறம், அதே எடை, அதே பளபளப்பு. செஞ்ச எங்களுக்கே அடையாளம் தெரியாது. எல்லாரும் கைதட்டினோம். தொண்டை போற வியாதிக்காரங்க இத எப்படி முழுங்குவாங்கன்னு அத்தன படிச்சவங்கள்ல ஒருத்தருக்காவது தோணிச்சா? எனக்கும்தான் தோணல. கசப்பு தெரியாம இருக்கத்தான் மேல பூச்சே. பொடிச்சா பூச்சு என்ன ஆகும்? மருந்து வேப்பங்காயா கசக்குது, வெத்து சாக்பீஸ் தூள் மாதிரி சப்புன்னு இருக்கு. நாங்க கட்டி விட்ட கண்ண அவங்க நாக்காலயே அவுத்துட்டாங்க.

இதே கூடந்தான். வணக்கம் சொல்றதுக்கு பதிலா, உங்களுக்குக் கசக்குதான்னுதான் கேட்டுப்பாங்களாம். கசக்காதவங்கள்ல நெறையப் பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க. மிச்சப் பேரு அந்தக் கழிவறைக்கு வெளிய கை கழுவுற தொட்டி இருக்கே, அங்க நின்னு, ஒரு ஜக்குல ஒண்ணா ஊத்தி, உங்கள மாதிரியே பாதிப் பாதியா பிரிச்சுக் குடிச்சிருக்காங்க. நல்ல மனசுதான், யாரு இல்லைன்னா. ஆனா ஆளுக்குப் பாதின்னா ஒருத்தருக்கும் முழு மருந்து இல்லையே. கடைசியில கணக்கெடுத்தா ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. இந்த மருந்து எதுக்கும் லாயக்கில்லைன்னு மூட்டை கட்டிட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சு, எடுத்து வெச்சிருந்த ரத்தத்த யாரோ சோதிச்சப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. வெத்து மாத்திரைக்காரங்க ரத்தத்துலயெல்லாம் மருந்து ஓடுது! அதுக்குள்ள அந்தக் கூட்டத்துல பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க.

அப்ப எங்க மேலாளர் என்ன பண்ணாரு தெரியுமா? தேன்வாய்னு பேரு வெச்சிருந்தோம் அவருக்கு. கேக் வெட்டுனாரு. ஆமா, கேக்குதான். மேல மாத்திரை படம் போட்டது. இது தோல்வி இல்லையாம், பாடமாம். அத்தன பேரு செத்து இவருக்குப் பாடம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. மீசையில கிரீம் ஒட்டியிருக்க, அதத் தொடைக்காமலே பேசிட்டிருந்தாரு. தட்ட அப்படியே கொண்டு போய் குப்பையில போட்டேன். போட்டுட்டு வந்து மத்தவங்களோட சேந்து கையும் தட்டினேன், அத ஏன் கேக்குறீங்க.

அப்புறம் என்னையக் கூப்பிட்டாரு. இந்தத் தடவை வெத்தும் கசக்கணும்மா, உன் நாக்கு நல்ல நாக்கு, நீதான் பண்ணணும்னாரு. தண்ணி மருந்தாவே குடுத்துடலாமேன்னேன். சீக்கிரமே கெட்டுப் போயிடுதாம். சரின்னு உக்காந்தோம், நாலு பேரு வட்டமா. சின்னக் கப்புல ஊத்தித் தருவாங்க. வாயில வெச்சு சுழட்டி, நடுவுல இருக்குற வாளியில துப்பணும். அடுத்தவன் துப்புன வாளியில குனிஞ்சு துப்பிப் பாருங்க, ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியும். நடுவுல ஒரு ரொட்டித் துண்டு, ஒரு வாய் தண்ணி, மறுபடியும் கசப்பு. வீட்டுக்குப் போனா பால் கூடக் கசக்கும். என் பொண்ணு பொறந்தநாளைக்கு இனிப்பு ஊட்டி விட்டா. தூன்னு துப்பிட்டேன். புள்ளை மூஞ்சி போன போக்கு இருக்கே... அந்த வாரமே விட்டிருக்கணும் அந்த வேலைய. முடிச்சுக் குடுத்துட்டுத்தான் விட்டேன்.

இந்த மருந்தோட கசப்பு ஒரு திருட்டுக் கசப்பு தம்பி. மொதல்ல ஒண்ணுமே தெரியாது. நாம பாட்டுக்குப் பேசிட்டிருப்போம், அது பாட்டுக்கு தொண்டக்குழியில இருந்து மெதுவா ஏறும். ஏறுச்சுன்னா எறங்காது. தண்ணி குடிச்சாலும் போகாது. நான் செஞ்சது அப்படி இல்ல. நுனி நாக்குலயே சுள்ளுன்னு புடிக்கும், கொஞ்ச நேரத்துல விட்டுட்டுப் போயிடும். என்னென்னமோ கலந்து பாத்தேன், பின்னால தள்ளவே முடியல. மத்த மூணு பேருக்கும் வித்தியாசம் தெரியல. எனக்குத் தெரியுதுங்கன்னேன். உலகத்துலயே ஒரு நாக்குக்குத்தான் தெரியும்னா அப்புறம் என்னம்மா, அது ரகசியந்தான்னு சிரிச்சாரு தேன்வாய். அந்த நாக்கு ஒரு நாள் இந்த நாற்காலியில வந்து உக்காரும்னு அவரு கண்டாரா.

ஆமா. ரெண்டுமே கசக்கும். கசந்தா மருந்துன்னு அர்த்தமே கெடையாது. உங்க வீட்டம்மா கசக்குது கசக்குதுன்னு சந்தோஷமா சொன்னாங்க, நானும்தான் கேட்டுட்டு இருந்தேன். எங்க அக்காவும் அப்படித்தான். குடிச்சுட்டு மூஞ்சிய அஷ்டகோணலா வெச்சுக்கிட்டு, நல்ல மருந்துடி, நாக்கே சுருண்டு போச்சுடின்னு சொல்லுவா. நேத்து சட்டை பித்தான தானே போட்டுட்டதாக் காமிச்சா. போட்டது ஒண்ணு, அதுவும் பாதியில நிக்குது. மிச்சத்தப் போட்டு விட்டுட்டு, ஆமாக்கா, கை நல்லா வருதுன்னேன். எனக்கே என் வாய் நாறுச்சு.

இந்தத் தடவையாவது ஒழுங்கா நடந்து முடியணும் தம்பி. மருந்து கேக்குதுன்னு தெரிஞ்சிடுச்சுன்னா, வெத்து சாப்பிட்டவங்களுக்கும் மருந்தே குடுப்பாங்க. அதுவரைக்கும் உயிரக் கையில புடிச்சுட்டு இருக்கணும், அவ்வளவுதான். கலந்து குடிச்சுக் கெடுத்தோம்னா மறுபடியும் மூட்டை கட்டுவாங்க, யாருக்குமே கெடையாது.

அக்காவோடத ருசி பாத்தேனாவா... இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

அழல. தொண்டை. உங்க டம்ளர்ல இருந்து தெறிச்ச சொட்டு இப்பத்தான் ஏறுது. தண்ணிக்கும் போக மாட்டேங்குது பாருங்க.

பாத்தேன் தம்பி. மொத நாளே பாத்தேன். வெரல முக்கி நாக்குல வெச்சேன், வெச்ச ஒடனே நுனியில சுள்ளுன்னு புடிச்சுது. என் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?

அவகிட்ட சொல்லல. சொன்னா நாளைக்கே வர மாட்டா. அவ நின்னா இன்னொருத்தர் நிப்பாரு. கேக் வெட்ட ஆளு ரெடியா இருக்கு.

அதான் ஊத்த வேணாம்னேன். பாதிப் பாதின்னீங்களே, எங்கிட்ட குடுக்கறதுக்குப் பாதி இல்ல. ஆனா நீங்க கேட்டப்ப என் டம்ளர் தன்னால உங்க பக்கம் சாஞ்சுது, கவனிச்சீங்களா? அதுல பட்டுத்தான் தெறிச்சுது. அருவருப்புன்னேனே தம்பி, அதுக்குத்தான்.

எந்திரிங்க, உங்க வீட்டம்மாவத்தான் கூப்பிடுறாங்க. கண்ணத் தொடைச்சுக்குங்க, நர்ஸம்மா பாத்தா கேப்பாங்க. யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க, வீட்டம்மாகிட்ட கூட. டம்ளர நல்லா கலக்கிக் குடுங்க, பொடி அடியில தங்கிடும். ஒரு சொட்டு மிச்சம் வெக்காதீங்க.