இரண்டு நாற்காலிகள், ஒரே முத்திரை

படிவம் நிரப்புவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஐயா. எழுத்து கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்தால் மனசு நிறைந்துவிடும். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். அறநெறிக் குழு, வக்கீல்கள், ஆய்வகம் என்று நாள் முழுக்க ஓட்டம். இரத்தம் கொடுப்பவரின் பெயரை அழித்து எண் போடுவதும் நான்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் என் இழுப்பறையில் மட்டும் இருக்கும்.

கையால் மாவு நறுக்கிச் செய்யும் சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸுக்குக் கடை வைத்திருக்கும் கஷிவாகிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பதினேழாம் எண்காரரின் இரத்தத்திலிருந்து செல் வளர்த்து அவர் விழித்திரையில் வைக்க ஏற்பாடு. சோதனைகள் எல்லாம் தேறிய பிறகு பதினேழு போன் செய்தார்.

"மன்னிச்சிருங்க, வீட்டுல அவளுக்குப் பிடிக்கல. நான் விலகிக்கிறேன்."

விலகுவது அவர் உரிமை. உரிமைகளை நான் மதிப்பவள். அவருடைய இரத்தம் இருந்த சோதனைக் குழாயைக் கொட்டிவிட்டு, வருடாந்திர உடல் பரிசோதனையில் கூடுதலாக எடுக்கச் சொன்ன என் குழாயை அந்த இடத்தில் வைத்தேன்.

சம்மதம் இல்லாமல் செய்யவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாற்காலிகள் போட்டேன். ஒன்றில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் விளக்கினேன். மற்றதற்கு மாறி மாறி உட்கார்ந்து பதில் சொன்னேன்.

"புரிஞ்சுதாங்க?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

"யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"சேச்சே, யாருங்க கட்டாயப்படுத்தப் போறா."

சிரிப்பை அடக்க முடியவில்லை. விளக்கியவர் கட்டத்திலும் சம்மதித்தவர் கட்டத்திலும் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும், இசோகாய் என்ற என் பெயர் முத்திரையையே குத்தினேன். அவ்வளவு நேராக என்றுமே விழுந்ததில்லை.

முன்பு நானாக இரத்தம் கொடுக்க வந்தபோது குழுத் தலைவர் ஹிருகவா மறுத்திருந்தார். "இந்தத் தடவை வேணாமே, இசோகாய் சான்," என்று தலை குனிந்தார். காரணம் என் வலது கண். அது கண்ணாடியில் செய்த பொய்க்கண். மூன்று வயதில் புற்றுக்கட்டி வந்து கண்ணையே எடுத்துவிட்டார்கள். தங்கைக்கு இரண்டு கண்ணிலும் வந்தது, நான்கு வயதைத் தாண்டவில்லை. எங்கள் இரத்தத்தில் ஓடுவது அது.

செல்கள் எவ்வளவு அழகாக வளர்ந்தன தெரியுமா. "பதினேழு சமத்துப் பிள்ளை" என்று ஆய்வகப் பெண்கள் கொஞ்சுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது. பார்வை திரும்பியதும் கஷிவாகி, இரத்தம் கொடுத்த முகம் தெரியாதவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். உங்கள் கண்ணால்தான் மாவு நறுக்குகிறேன் என்று. அந்தக் கடிதங்களும் என் வழியாகத்தான் போக வேண்டும்.

வியாழன்தோறும் அவர் கடைக்குப் போய் எதிரிலேயே உட்காருவேன்.

"என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க, மூக்குல மாவு ஒட்டியிருக்கா?" என்பார்.

நான் இழந்த கண் என்னையே பார்க்கிறது, ஐயா. எப்பேர்ப்பட்ட சந்தோஷம். பள்ளிக்கூடப் பெண்ணாட்டம் குதித்துக்கொண்டு வீடு போவேன்.

போன மாதம் அந்தக் கண்ணில் கட்டி என்றார்கள். மூளைவரை போய்விட்டதாம், பிழைக்க மாட்டாராம்.

விசாரிக்க வந்த நீங்கள், இப்படி ஆகலாம் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். நாற்பது நிமிடத்தில் பாதி நேரம் அதைத்தான் விளக்கினேன். ஆபத்தை மறைப்பது விதிகளுக்கு விரோதம்.

"கஷிவாகிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறீர்கள். சம்மதம் கேட்க வேண்டியது கண்ணுக்குச் சொந்தக்காரரிடம், ஐயா. கேட்டேனே.