முனையில் நின்ற வேன்

இந்த நாற்காலி ஆடுகிறது. பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. ஒரு துண்டுத் துணியை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். நான் தையல்காரி, என் கண் இந்த மாதிரிச் சின்னக் குறைகள் மேல்தான் முதலில் விழும். கோபித்துக்கொள்ளாதீர்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தபோது முதலில் சேர்ந்த ஆள் நான். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் ஸ்டேஷனிலிருந்து ரோந்து அதிகாரி வருவார், மீசைக்காரர் என்று தெருவே அவரைக் கூப்பிடும். தெருவிளக்குகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் நகராட்சியிலிருந்து வருவார். கடைகளின் சார்பில் மருந்துக்கடைக்காரர், வீடுகளின் சார்பில் நானும் பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டரும். அவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது, ஆனாலும் எங்களுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். தலைவரும் அவர்தான். பள்ளிக்கூடத்து ஓவிய அறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, எந்த விளக்கு எரியவில்லை, எந்தச் சந்தில் குடிக்கிறார்கள், எவன் சைலன்சரைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுகிறான் என்று பேசுவோம். போலீசும் நகராட்சியும் மக்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் எதுவும் நடக்கும் என்று மீசைக்காரர் சொல்வார். அது உண்மைதான்.

மற்றவர்கள் தெருவின் நன்மைக்காக வந்தார்கள். நான் என் மகளுக்காக வந்தேன். அதை யாரிடமும் ஒளித்ததில்லை.

அவளுக்கு நடந்தது உங்கள் ஸ்டேஷனுக்குத் தெரியும். கல்லூரி விட்டு வரும்போது, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் பையைப் பிடித்து இழுத்தார்கள். பட்டை தோளில் சிக்கிக்கொண்டது. அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை. தெரு முனையிலிருந்து அச்சகம் வரைக்கும் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் கத்தியது என் காதில் விழுந்தது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை, என் கதவு உட்பட.

கன்னமும் முழங்கையும் ஆறிவிட்டன. ஆனால் அவள் வாசல்படியைத் தாண்டவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. யாராவது காலிங் பெல்லை அழுத்தினால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். டாக்டரிடம் போக வேண்டுமென்றாலும் வெளியே வரவேண்டுமே. பெற்ற பிள்ளை கண்ணெதிரில் வாடி வதங்குவதைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர் பேண்ட்டுக்கு அளவு எடுப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சில நாள் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதை வெட்ட எடுத்தேன் என்றே மறந்து நிற்பேன்.

குழுவால்தான் வேன் வந்தது. நீல விளக்கு வைத்த உங்கள் ரோந்து வேன், தெரு முனையில், எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றது. முதலில் அவள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றாள். ஒருநாள் காலையில் செருப்பைத் தேடினாள். எங்கே வைத்தோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். பட்டை இறுகிப்போயிருந்தது. அன்றைக்கு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அம்மா, வேன் நிக்குதா?"

"நிக்குது கண்ணு."

அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொள்வது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒரு கூட்டத்தில் மீசைக்காரர் சிரித்த முகத்தோடு எழுந்தார். "உங்க தெரு இப்ப தங்கம். புகாரே வர்றதில்ல. எங்க புகார் ஜாஸ்தியோ அங்கதான் வேன் நிக்கணும்னு மேலிடத்து உத்தரவு. அடுத்த மாசத்துலேர்ந்து மார்க்கெட் பக்கம் போயிடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே சார்" என்றேன்.

"நல்லா இருக்கிற தெருவுக்கு எதுக்கு அக்கா காவல்?"

திரும்பி வரும் வழியில் போஸ்ட்மாஸ்டர் என் கூடவே நடந்தார். "பொண்ணுக்காகத்தானேம்மா கேட்ட? வேன் போனா என்ன, நான் இருக்கேன். காலையில நான் எப்படியும் நடக்கப் போறவன், அவளைக் கடையில விட்டுட்டுப் போறேன். சாயங்காலமும் கூட்டிட்டு வரேன்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவரால் யாரைத் தடுக்க முடியும், சொல்லுங்கள். மகளும் "வேன் போனா போகட்டும்மா, நான் தாத்தா கூடப் போய்க்கிறேன்" என்றாள். என் மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொன்னாள். எனக்குத் தெரியாதா என் பிள்ளையை.

யாருக்கும் வலிக்காத மாதிரிதான் ஆரம்பித்தேன். மோட்டார் சைக்கிள் சீட்டுகள். கத்திரிக்கோல் என் கையோடு இருப்பது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போகிற போக்கில் ஒரு இழுப்பு. தெரு முழுக்கச் சீட்டுகள் கிழிந்தன. எல்லோரும் அதை என்னிடமே தைக்கக் கொண்டுவந்தார்கள். நன்றாகத் தைத்துக் கொடுத்தேன், கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அக்காவா என்று அச்சகத்துக்காரர் நெகிழ்ந்து போனார். பிறகு சில விளக்குக் கண்ணாடிகள். எங்கள் வீட்டு முன்னால் இருப்பதை மட்டும் தொடவில்லை, மகள் வருகிற வழி அல்லவா.

புகார்கள் போயின. வேன் நகரவில்லை. "நிக்குது கண்ணு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய பேப்பர்காரர் விஷயத்தில் நான் பொறுப்பேற்க முடியாது. அவரைப் பிடிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. மூட்டைக் கயிறு அறுக்கச் சின்னக் கத்தி வைத்திருந்தார், சீட்டுக் கிழித்தவன் இவன்தான் என்று தெருப் பையன்கள் அவரை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். கை உடைந்தது. நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கக்கா, எத்தனை வருஷமா உங்க வீட்டுக்கு வரேன்" என்றார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு யாரும் அதைக்கூடச் செய்யவில்லை.

அவரை நீங்கள் உள்ளே வைத்தீர்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. குற்றவாளி பிடிபட்டுவிட்டான், தெரு சுத்தமாகிவிட்டது என்றார் மீசைக்காரர். வேனை அனுப்புவதை முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார். இந்தத் தடவை மாற்றமே இல்லை என்றார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார். அவர் உள்ளே இருக்கும்போதே தெருவில் இன்னொன்று நடந்தால், செய்தது அவர் இல்லை என்று ஆகிவிடும், வெளியே வந்துவிடுவார். வேனும் நிற்கும். நான் என் சுயநலத்துக்காக மட்டும் செய்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தப் பேப்பர்காரரையும் மனதில் வைத்துத்தான் செய்தேன்.

சீட்டுக் கிழிப்பது இனிப் போதாது. போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, பழைய பத்திரிகைகளும் உடைந்த மேஜைகளும் அடைத்து வைத்திருந்தார். அவரே அதை எப்போது ஒழிப்பேனோ என்று சலித்துக்கொள்வார். கூட்டத்துக்குத் தலைவர் அவர், எப்போதும் முதல் ஆளாகப் போய் விளக்கைப் போடுகிறவர். வீட்டில் வேறு யாரும் கிடையாது. அந்தச் சாயங்காலம் என் வெட்டுத்துணிப் பையைப் பின்சுவர் வழியாகக் கொட்டகைக்குள் வைத்தேன். உடனே பற்றாத மாதிரிதான் வைத்தேன். எப்படி என்பதை உங்கள் தீயணைப்பு ஆட்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கை கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

ஓவிய அறையில் மருந்துக்கடைக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். தலைவர் இடம் காலியாக இருந்தது.

"போஸ்ட்மாஸ்டர் எங்கே?" என்றேன்.

"காய்ச்சலாம்க்கா. மாத்திரை கேட்டு ஆள் அனுப்பிச்சார். நல்லாத் தூங்கட்டும்னு கொஞ்சம் தூக்கம் வர்ற மாத்திரையாவே கொடுத்துவிட்டேன். என்னை நடத்தச் சொல்லிட்டார்."

நான் உட்காரவில்லை. "யார் கொண்டு போனது?"

"உங்க பொண்ணுதான். குடுத்துட்டு அப்பவே கடைக்கு வந்துட்டா. இப்ப கல்லாவுல உக்காந்திருக்கா."

கடைக்கு வந்துவிட்டாள். அதைக் கேட்டதும் என் நெஞ்சு அடங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எழுந்து ஓடியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஓடியிருக்கலாம்தான். அவர் வீடு கூப்பிடு தூரம். உள்ளே நுழைந்து எழுப்பியிருந்தால் நடந்து வந்திருப்பார். ஆனால் ஏன் ஓடினாய் என்று கேட்பார்களே. பையை எடுத்துவிட்டால் தீயே பற்றாது, வேன் மறுநாளே போய்விடும். மீசைக்காரர் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார். எங்கள் தெருவைப் பார்த்து மற்றத் தெருக்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மேற்பார்வையாளர் புதுக் கண்ணாடிகள் போட்டதைப் பற்றிச் சொன்னார். வேனை அனுப்புவதற்குச் சம்மதமா என்று கேட்டபோது எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். கதவு பக்கம் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கொட்டகைதான் எரியும் என்று நினைத்தேன். அதன் சுவரும் அவர் படுக்கையறைச் சுவரும் ஒன்று என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கொட்டகைதான் எரியும் என்று நினைத்தேன். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். வாளி தூக்கியவர்களில் முதல் ஆள் நான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். புகையிலேயே போய்விட்டார், எரிச்சல் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அது ஒரு ஆறுதல்.

வேன் நின்றது. அது மட்டுமில்லை, இன்னொன்றும் வந்து நின்றது. இரண்டு நீல விளக்குகள். பேப்பர்காரரையும் விட்டுவிட்டீர்கள்.

ஆனால் மறுநாள் மகள் வேன் நிக்குதா என்று கேட்கவில்லை. என் மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே எப்போதும் இருக்கும் வெட்டுத்துணிப் பை இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்று, "ரெண்டு வேன் நிக்குது கண்ணு, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டைக் கதவருகே வைத்தேன், எடுக்கவில்லை. கெஞ்சினேன், கதவில் தலையை வைத்து அழுதேன். மறுபடியும் பழைய நிலைமைக்கே போய்விட்டாளே என்று எனக்கு உலகமே இருண்டுபோயிற்று. தெருவைக் கண்டு அவளுக்கு அவ்வளவு பயம். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவள்தான் என்கிறீர்கள். பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாது, அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆம், நான்தான். அவர் உள்ளே தூங்குகிறார் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று என்னை இங்கே அழைத்து வந்ததும் இரண்டு வேன்களையும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். இன்று காலையில் அவள் கதவைத் திறந்துகொண்டு, தனியாகத் தெருவில் இறங்கி, கடை வரைக்கும் நடந்து போனாள் என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொல்ல வீட்டில் ஆளில்லை அல்லவா, வேன் அங்கேயே நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.