மூன்றாவது விசில்

"மூணாவது விசிலுக்குத்தான் பொங்கலோ பொங்கல்னு கத்தணும்."

ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் டெல்லி மெட்ரோவில் தமிழ் கேட்டால் காது தானாகத் திரும்பிவிடுகிறது. துவாரகா போகும் வண்டியில் எனக்கு எதிரே ஓர் அண்ணனும் தங்கையும். தங்கையின் மடியில் ஒரு புது மண்பானை.

"விளையாடாதே அண்ணா. என் சேனல்ல அசல் தமிழ்ப் பொங்கல் காட்டணும். குக்கரைக் காட்டினா சிரிப்பாங்க."

"நம்ம ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல என்னிக்கு மண்பானை இருந்துது? குக்கர்தான். மூணாவது விசில் வந்ததும் அப்பா பால்கனிக்குப் போய்க் கத்துவார்."

"அச்சா, அந்தப் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி! முதல் தடவை என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிக்கிட்டு ஓடி வந்தாங்களே."

"மறு வருஷம் அவங்களே விசிலை எண்ணிட்டு இருந்து, அவங்க பால்கனிலேர்ந்து அப்பாவோட சேர்ந்து கத்தினாங்க. 'போங்கல்லோ போங்கல்'னு."

இருவரும் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் தங்கை, "அப்பா தவறினப்புறம் அந்தச் சத்தமே இல்லாம போச்சு" என்றாள்.

"ஆன்ட்டி இன்னமும் கத்துறாங்க. வருஷா வருஷம் பொங்கலன்னிக்குக் காலைல எனக்கு போன் போட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

அண்ணன் அவள் மடியிலிருந்த பானையைப் பார்த்தார்.

"அந்த நேரத்துல நீ பானையை வீடியோ எடுத்துட்டு இருப்பே."