நாளைக் காலை எங்கள் மேசைக்கு வரும் தர்மாக்காவுக்கு

திருக்காட்டுப்பள்ளி தந்த திருவே! சீருடைக்குச் சிறப்புச் சேர்த்த செவிலியே! ஊசியைக் கண்டு உயிர் பதறியவர்க்கெல்லாம் உள்ளங்கை நீட்டிய உத்தமியே! எங்கள் தர்மாம்பாள் அக்காவே, வணக்கம்!

மேடையில் உங்களை அமர்த்தி வாசிக்க எழுதத் தொடங்கிய மடல் இது. பணி நிறைவு பெறும் இன்று நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே நோயாளியாகப் படுத்திருக்க, கட்டிலைச் சுற்றி நின்று வாசிக்கிறோம். வாங்கிய மாலையை இந்தக் கட்டிலருகே கொண்டுவர எங்களுக்கு மனம் வரவில்லை. வெளியிலேயே வைத்துவிட்டோம்.

வயிற்றுக்குள் சீழ்க்கட்டியோடு வயலிலிருந்தும் வரப்பிலிருந்தும் வந்தவர்களை ஸ்கேன் அறை மேசைக்கு ஆயத்தம் செய்த அன்னையே! கட்டியைத் திரையில் பார்த்தபடி டாக்டர் ஊசி இறக்கிச் சீழை வடிப்பார். அதற்கு முந்தைய பாடெல்லாம் உங்களுடையது. இரத்தம் உறையும் பரிசோதனை வந்ததா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை நின்றதா என்று துருவித் துருவிக் கேட்பீர்கள். ஊசிக்கு வெறும் வயிறு வேண்டும், ஆனால் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்க மாட்டீர்கள். நம் சனம் டீயையும் நீராகாரத்தையும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லையே! "விடிஞ்சதுலேருந்து தொண்டையில என்ன எறங்குச்சு? சாமி சத்தியமா சொல்லுங்க" என்பீர்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சாதித்த குத்தாலத்துக்காரர் மீசையில் பாலாடை ஒட்டியிருந்ததே! சிரித்துக்கொண்டே அவரை மறுநாளுக்கு மாற்றினீர்கள்.

பிறகு, ஊசி இறங்கும்போது வயிறு அசையாதிருக்க மூச்சுப் பழக்கம். "இழுங்க... நிறுத்துங்க... நான் சொல்றவரைக்கும் விடாதீங்க." அவர்களோடு நீங்களும் மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்பீர்கள்.

அக்கா, உங்கள் மேல் எங்களுக்குக் கோபம். பல நாள் காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு, விலா வலியை "கேஸ்தாண்டி" என்று மழுப்பி, நின்ற காலில் வேலை பார்த்தீர்களே! இப்போது உங்கள் கல்லீரலில் மாங்காய் அளவுக்குச் சீழ்க்கட்டி. உள்ளேயே உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார் டாக்டர். இன்று காலையே வடித்திருக்க வேண்டும். உங்கள் இடத்தில் நின்று எங்கள் ஷிஃபா உங்கள் கேள்வியை உங்களிடமே கேட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அரை டம்ளர் காப்பி" என்றீர்கள். நாளைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

நீங்களா அக்கா! திட்டத்தான் வாயெடுத்தோம். அப்போதுதான் ஷிஃபாவின் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "தெரிஞ்சேதான் குடிச்சேன். இன்னைக்கு வேணாம்னு இருந்துச்சு. பயமா இருக்குடி." ஊரார் பயத்தையெல்லாம் உங்கள் கையில் வாங்கிக்கொண்டீர்கள், உங்கள் பயத்தைக் கேட்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லையே!

நாளை நீங்கள் எங்கள் சிஸ்டர் அல்ல, எங்கள் நோயாளி. ஆகவே இன்று இரவோடு சாப்பாடு முடிந்தது. காப்பி கிடையவே கிடையாது. கட்டிலருகே எங்கள் புகழேந்தி காவல் இருப்பார், ஏமாற்ற முடியாது.

பல்லாண்டு வாழ்க என்று எழுதிப் பார்த்தோம். வாசிக்கும்போது குரல் உடைந்துவிடும் என்று அடித்துவிட்டோம். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். நாளை ஊசி இறங்கும்போது ஷிஃபா உங்கள் கையைப் பிடித்திருப்பாள். அவள் சொல்லும்போது மூச்சை நிறுத்துங்கள். நாங்கள் அத்தனை பேரும் உங்களோடு நிறுத்துவோம். அவள் "விடுங்க" என்றதும் விடுங்கள். விட்டபின், அக்கா, திரும்ப இழுங்கள்.

கலங்கிய கண்களுடன்,
ஷிஃபா, புகழேந்தி, சுடர்விழி
மற்றும் ஸ்கேன் அறை ஊழியர்கள்,
தஞ்சாவூர்